எருக்கஞ்செடியில் தொடங்குங்கள்: பட்டாம்பூச்சியும் புழுவும் பார்க்கப் பழகுவோருக்கு

பட்டாம்பூச்சி பார்க்கப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பறப்பதைத் துரத்த வேண்டாம், செடியைத் தேடுங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு பட்டாம்பூச்சி இனத்துக்கும் தனக்கென்று சில செடிகள் உண்டு. அந்தச் செடியில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு அதன் இலையைத்தான் தின்னும். வேறு இலையைப் போட்டால் பெரும்பாலும் தொடாது, பட்டினி கிடந்தே செத்துப்போகும். ஆகவே செடி தெரிந்தவருக்கு, அங்கே என்ன பூச்சி இருக்கும் என்பது பார்ப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 300க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் உள்ளன. படப் புத்தகத்தைப் புரட்டி அத்தனையையும் மனப்பாடம் செய்யப் பார்த்தவர்கள் பாதியில் விட்டுவிடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பத்துச் செடி தெரிந்துகொண்டவர்கள் விடுவதில்லை.

கையில் பெரிதாக எதுவும் வேண்டாம். போன் கேமரா, ஒரு சின்ன நோட்டு, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி, தண்ணீர், தொப்பி. வலை வேண்டவே வேண்டாம்.

முதல் செடி எருக்கு

எருக்கு இல்லாத ஊர் இல்லை. தரிசு, ரயில் பாதை ஓரம், கோயில் பின்புறம், குப்பைமேடு என்று எங்கும் நிற்கும். அதை நம்பி வாழ்வது ப்ளைன் டைகர், தமிழில் வெந்தய வரியன். ஆரஞ்சுப் பழுப்பு நிறம், முன்னிறக்கை நுனியில் கறுப்பு, அதன் மேல் வெள்ளைத் திட்டுகள். அவசரமே இல்லாமல் தாழப் பறக்கும்.

செடியின் முன்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதலில் இளம் இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிறிய நிறத்தில், நுனி சற்றே கூம்பிய, நெடுகக் கோடு ஓடிய ஒற்றை முட்டை ஒட்டியிருக்கும். கடுகளவுதான். ஒரு இலையில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அப்புறம் கடித்த இலைகளைப் பாருங்கள். ஓட்டையும் ஓரக்கடியும் இருந்தால் பக்கத்திலேயே புழு இருக்கலாம். ஆனால் கடி மட்டும் சாட்சியாகாது, ஏனென்றால் நீலமும் மஞ்சளும் கலந்த ஒரு பெரிய வெட்டுக்கிளியும் எருக்கிலையைத்தான் தின்னும். இலை மேல் கரும்பச்சை உருண்டைகளாகப் புதிய எச்சம் கிடந்தால், அதற்கு நேர் மேலே உள்ள இலையைத் திருப்புங்கள்.

புழுவைக் கண்டால் சந்தேகம் வராது. கறுப்பு வெள்ளை வளையங்கள் மாறி மாறி, வளையங்களுக்கு நடுவே மஞ்சள் புள்ளிகள். முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும்: தலைப்பக்கம் ஒரு ஜோடி, நடுவில் ஒன்று, வால்பக்கம் ஒன்று. கொம்புகளின் அடி கருஞ்சிவப்பு. அவை மெத்தென்றவை, குத்தாது. ஒளிந்துகொள்ள அது முயல்வதே இல்லை. எருக்கம்பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால், பறவைகளிடம் தன்னைக் காட்டிக்கொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு. கூட்டுப்புழு இளம்பச்சையாகவோ வெளிர் இளஞ்சிவப்பாகவோ தலைகீழாகத் தொங்கும். அதன் மேல்பகுதியில் கறுப்பும் பொன்னிறமுமாக மணி கோத்தது போல ஒரு வரிசை ஓடும். வெயிலில் அது மின்னுவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் விழியைப் புண்ணாக்கும். இலையைத் திருப்பிய கையால் கண்ணைக் கசக்காதீர்கள். குழந்தைகளோடு போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெந்தய வரியனைத் தெரிந்துகொண்டதும் ஒரு வேஷதாரியையும் தெரிந்துகொள்ள வேண்டும். டனாய்டு எக்ஃபிளை என்ற இனத்தின் பெண் அச்சு அசலாக இதைப் போலவே இருக்கும். நஞ்சில்லாத பூச்சி, நஞ்சுள்ளதன் சட்டையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. பின்னிறக்கையைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். வெந்தய வரியனுக்குப் பின்னிறக்கையின் நடுப்பகுதியில் மூன்று அல்லது நான்கு கறும்புள்ளிகள் இருக்கும்: பெண்ணுக்கு மூன்று, ஆணுக்கு நான்கு. எக்ஃபிளைக்கு மேல் ஓரத்தை ஒட்டி ஒரே ஒரு புள்ளிதான். அதன் ஆணோ முற்றிலும் வேறு: கன்னங்கறுப்பு இறக்கையில், ஊதா நிற ஓரம் வைத்த பெரிய வெள்ளை வட்டங்கள். பெண் பருப்புக்கீரையில் முட்டையிடும். பருப்புக்கீரை படர்ந்த இடத்தில் ஒரு “வெந்தய வரியன்” தரையை ஒட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தால் உடனே புள்ளிகளை எண்ணுங்கள்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும்

அடுத்த பாடம் வீட்டுக் கொல்லையில். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். எலுமிச்சை அழகியும், காமன் மார்மன் எனப்படும் கறிவேப்பிலை அழகியும் இவற்றைத் தேடி வரும். கொழுந்தில் உருண்டையான இளமஞ்சள் முட்டையைத் தனித்தனியாக வைக்கும்.

சின்னப் புழுவைப் பார்த்து “ஏதோ குருவி எச்சம்” என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். புழு விரும்புவதும் அதைத்தான். பழுப்பும் வெள்ளையும் கலந்து, பளபளவென்று, இலையின் மேற்புறத்திலேயே அசையாமல் கிடக்கும். எச்சம் என்றால் இலையோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். இதற்கோ ஒரு முனை சற்றுத் தடித்திருக்கும். நான்கு முறை தோலுரித்த பின் ஆளே மாறி, கொழுகொழுவென்ற பச்சைப் புழுவாகிவிடும். தலைக்குப் பின்னால் தடித்த பகுதியில் கண் போன்ற குறிகள். அது நிஜக் கண் அல்ல. உண்மையான தலை அதற்குக் கீழே குனிந்திருக்கும். ஒரு துரும்பால் மெதுவாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிளந்த சிவந்த கொம்பு ஒன்று சட்டென்று வெளியே வரும், கூடவே காரமான வாடையும். எறும்பையும் குளவியையும் விரட்ட அது வைத்திருக்கும் கருவி அது. ஒரு முறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம்.

இந்த இரண்டு இனங்களின் புழுக்களையும் பிரித்துச் சொல்வது ஆரம்பத்தில் கடினம். நோட்டில் “இரண்டில் ஒன்று” என்று எழுதிக்கொண்டு, பூச்சி வெளிவரும்வரை காத்திருப்பதே நேர்மையானது. வளர்ந்த பூச்சியில் குழப்பமில்லை. எலுமிச்சை அழகிக்கு வால் கிடையாது, கறுப்பு இறக்கை முழுக்க வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்னிறக்கையின் உள் ஓரத்தில் ஒரு செங்கல் சிவப்புப் பொட்டு. கறிவேப்பிலை அழகியின் ஆண், வால் வைத்த கறுப்புப் பூச்சி, பின்னிறக்கையின் குறுக்கே வெள்ளைத் திட்டுகளின் வரிசை.

அதன் பெண்தான் புதியவர்களைத் திண்டாட வைப்பவள். மூன்று உருவங்களில் வருவாள். ஒன்று ஆணைப் போலவே. இரண்டாவது, காமன் ரோஸ் என்னும் நஞ்சுள்ள பூச்சியைப் போல. மூன்றாவது, கிரிம்சன் ரோஸைப் போல. சிவப்புத் திட்டுகளோடு ஒரு கறுப்புப் பூச்சியைக் கண்டால் இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். உடம்பு சிவப்பாக இருந்தால் ரோஸ். கறுப்பாக இருந்தால் வேஷம் போட்ட கறிவேப்பிலை அழகி. இறக்கையைக் காப்பியடித்தவள் உடம்பின் சிவப்பைக் காப்பியடிக்கவில்லை.

அந்த நிஜ ரோஸ்கள் இரண்டும் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி வகைக் கொடிகளில் மட்டுமே முட்டையிடும். ஆடுதீண்டாப்பாளை கரிசல் காட்டு வரப்புகளில் தரையோடு படர்ந்து கிடக்கும். அதில் கருஞ்சிவப்பாக, சதைப்பற்றான முண்டுகளோடு, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டையோடு புழு இருந்தால் அது காமன் ரோஸ். களைக்கொல்லி அடித்த வரப்பில் கொடியும் இருக்காது, அதை நம்பிய பூச்சியும் இருக்காது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னும் சில செடிகள்

அரளியில் காமன் குரோ, அதாவது வெண்புள்ளிக் கருப்பன். அதன் புழுவுக்கு நான்கு ஜோடிக் கொம்பு. கூட்டுப்புழு வெள்ளி போலப் பளபளக்கும். இலைக்கு அடியில் அது தொங்குவதைப் பார்த்து யாரோ ஜிகினா ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு.

கொன்றையிலும் ஆவாரையிலும் எமிக்ரண்ட் என்ற வெளிர்மஞ்சள், வெளிர்பச்சைப் பூச்சிகள். புழு இலைப் பச்சை, பக்கவாட்டில் ஒரு கோடு, இலை நடுநரம்போடு நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஆமணக்கில் காமன் கேஸ்டர். சிறுபூனைக்காலிக் கொடியில் டானி கோஸ்டர், கிளைத்த முட்களோடு செம்பழுப்புப் புழு. மாமரத்துப் புல்லுருவியில் காமன் ஜெசபெல், அதன் புழுக்கள் கூட்டமாக இருக்கும்.

மாவிலையில் காமன் பேரன் என்ற பூச்சியின் புழுவைக் கண்டுபிடிப்பது ஒரு தனி சந்தோஷம். பச்சை உடல், முதுகில் நடுநரம்பைப் போலவே ஒரு வெளிர்க் கோடு, இரண்டு பக்கமும் இறகு மாதிரி விரிந்த மெல்லிய நீட்சிகள். அவற்றை இலையோடு இலையாக அப்பிக்கொண்டு, கோட்டை நடுநரம்பின் மேல் சரியாகப் பொருத்தி வைத்துக்கொள்ளும். கண் மட்டத்தில் இருக்கும் மாவிலைகளை ஒவ்வொன்றாக, பொறுமையாகப் பாருங்கள்.

ரணகள்ளித் தொட்டி வைத்திருந்தால், இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தடித்த இலையின் உள்ளே புழு குடைந்து போன பாதையும் கறுப்பு எச்சமும் தெரிந்தால் அது ரெட் பியரோ. இலைக்குள்ளேயே வளரும் பட்டாம்பூச்சிப் புழு அது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருந்தாலும் உடனே கழுவிவிட வேண்டாம். ஏப்ஃபிளை என்ற சின்னஞ்சிறு பட்டாம்பூச்சியின் புழு இலையைத் தொடுவதே இல்லை, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். மேலே வெள்ளை மாவைப் பூசிக்கொண்டு அவற்றுக்கு நடுவிலேயே கிடக்கும். அதன் கூட்டுப்புழுவைக் குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால் குரங்கு முகம் தெரியும். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

பட்டாம்பூச்சியின் புழுதானா?

செடியில் கண்ட புழுவெல்லாம் பட்டாம்பூச்சி ஆகாது. அந்துப்பூச்சிகளின் இனங்கள் பல மடங்கு அதிகம், ஆகவே நீங்கள் காணும் புழுக்களில் பெரும்பாலானவை அவற்றுடையவைதான். ஒரே பார்வையில் பிரிக்கும் விதி எதுவும் இல்லை, ஆனால் சில அடையாளங்கள் உதவும். அடர்ந்த மயிர் இருந்தால் அநேகமாக அந்துப்பூச்சி. வாலில் ஒற்றைக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சி. உடம்பை வில்லாக வளைத்து வளைத்து அளந்துகொண்டு நடந்தால் அதுவும் அந்துப்பூச்சி வகைதான், ஆமணக்கில் இப்படி ஒன்றை அடிக்கடி பார்க்கலாம். முள்ளங்கி, கடுகுச் செடியில் கறும்பச்சைப் புழு இருந்தால் காலை எண்ணுங்கள். முன்னால் மூன்று ஜோடி நிஜக் கால்களை விட்டுவிட்டு, பின்னால் உள்ள சதைக்கால்களை எண்ண வேண்டும். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு அவை ஐந்து ஜோடிக்கு மேல் போகாது. அதற்கு மேல் இருந்தால் அது ரம்பக்குளவியின் புழு.

தொடுவதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பெயர் தெரியாத எதையும் தொடாதீர்கள். முருங்கையில் கொத்துக் கொத்தாக அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். அதைவிட மோசமானது தென்னை, மா, ஆமணக்கு இலைகளில் இருக்கும் ஒரு பச்சைப் புழு. குட்டையாக, நத்தை போல ஊர்ந்து, முதுகில் நீலக் கோடும் ஓரமெல்லாம் முள் கொத்துகளுமாகப் பார்க்க மிக அழகாக இருக்கும். முள்ளில் நஞ்சு உண்டு, பட்ட இடம் தீயாய் எரியும். பட்டுவிட்டால் தேய்க்காமல், செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து முள்ளை நீக்கி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கூட்டுப்புழுவிலும் எந்தக் குடும்பம் என்பதற்கு ஒரு துப்பு இருக்கிறது (குடும்பங்களைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்). தலைகீழாக வெறும் வால்முனையில் தொங்கினால் வரியன்கள் குடும்பம். இடுப்பில் நூல் சுற்றிச் சாய்ந்து நின்றால் அழகிகள் அல்லது வெள்ளையன்கள். சின்னதாக, இலையோடு ஒட்டி, இடுப்பு நூலோடு இருந்தால் நீலன்கள்.

பறப்பதை அடையாளம் காண

இப்போது பறக்கும் பூச்சிக்கு வருவோம். முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள், இனம் அப்புறம். பெரிதாக, பல இனங்களில் வாலோடு, தேன் குடிக்கும்போதும் இறக்கையைப் படபடத்துக்கொண்டே இருப்பவை அழகிகள். வெள்ளை, மஞ்சளில் நடுத்தர அளவில் இருப்பவை வெள்ளையன்கள். நான்கு காலில் நிற்பதாகத் தோன்றினால் வரியன்கள். முன் ஜோடி கால்கள் அவற்றுக்குச் சுருங்கிப் போயிருக்கும். விரல் நகம் அளவில், புல்லை ஒட்டிப் பறப்பவை பெரும்பாலும் நீலன்கள். அவற்றில் பலவற்றுக்குப் பின்னிறக்கை நுனியில் நூல் போன்ற வாலும் கண் போன்ற புள்ளியும் இருக்கும், பறவை அதைத் தலை என்று கொத்தி ஏமாறும். பெரிய தலை, தடித்த உடம்பு, உணர்கொம்பு நுனி கொக்கியாக வளைந்து, விசுக் விசுக்கென்று தாவிப் பறந்தால் ஸ்கிப்பர்கள். மெட்டல்மார்க் என்று ஆறாவது குடும்பமும் உண்டு, மலைக்காடுகளில் சில இனங்கள் மட்டும், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

படம் எடுக்கும்போது இறக்கையின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் வேண்டும். நீலன்களைப் பொறுத்தவரை மூடிய இறக்கையின் படம் இல்லாவிட்டால் பெயர் சொல்லவே முடியாது. உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழாமல், தாழ்ந்து, பக்கவாட்டில் மெல்ல நெருங்குங்கள். எட்ட நின்று முதலில் ஒரு படம், பிறகு பக்கத்தில் போய் இன்னொன்று.

பருவத்துக்கு ஏற்ப உடை மாற்றும் இனங்களும் உண்டு. ஈவினிங் பிரவுன் மழைக்காலத்தில் இறக்கையின் அடிப்பக்கம் வரிசையாகக் கண்புள்ளிகளோடு இருக்கும். வறண்ட காலத்தில் பிறந்தது வெறும் சருகு. இரண்டும் ஒரே பூச்சி. நெல்லும் புல்லும் அதன் உணவு, பொழுது சாயும் நேரத்தில்தான் பறக்கும்.

பெண் பூச்சி ஒன்று பூவை விட்டுவிட்டு இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் போனால் கேமராவை இறக்கிவிட்டு அதையே பின்தொடருங்கள். கால்களால் இலையைச் சுவைத்துச் சரியான செடியைத் தேடுகிறது. வயிற்றை வளைத்து ஒரு நொடி இலையில் அழுத்தினால் முட்டை வைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கிளையைக் குறித்துவைத்துக்கொண்டு தினமும் வந்து பாருங்கள். முட்டை வெடிக்கச் சில நாள், புழுவாக ஏறக்குறைய இரண்டு வாரம், கூட்டில் ஒன்று முதல் இரண்டு வாரம். இனத்தையும் வெயிலையும் பொறுத்து இது கொஞ்சம் மாறும்.

எப்போது, எங்கே

காலை 8 மணி முதல் 11 மணி வரை நல்ல நேரம். அதற்கு முன் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும், படமெடுக்க அதுவும் வசதிதான். சமவெளியில் வடகிழக்குப் பருவமழை பெய்து செடிகள் தழைத்த பிறகு, அக்டோபர் முதல் ஜனவரி வரை, புழுவும் பூச்சியும் நிறையக் கிடைக்கும். கோடையில் ஓடைக்கரை ஈரமணலைப் பாருங்கள். பத்திருபது பூச்சிகள் அப்படியே உட்கார்ந்து மண்ணை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆண்கள், உப்புச்சத்துக்காக. கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளில் ப்ளூ டைகர் என்ற பட்டாம்பூச்சியும் குரோவும் கூட்டமாக மொய்த்தால், அவையும் ஆண்கள்தான். காய்ந்த இலையிலும் காயிலும் இருந்து, பெண்ணைக் கவரும் வாசனைக்கான பொருளைச் சேகரிக்கின்றன.

இடத்துக்காக அலைய வேண்டியதில்லை. ஊர் எல்லைத் தரிசும், ஏரிக்கரையும், பூச்சிமருந்து அடிக்காத தோட்டமும் போதும். திருச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்ரீரங்கம் அருகே மேலணைக் காப்புக்காட்டில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, வனத்துறை 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. உணவுச் செடிகளைத் தெரிந்துகொள்ள நல்ல இடம். 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போக வேண்டும். அதன் புழு தின்னும் நீரடிமுத்து வகை மரங்கள் வளர்வது அங்கேதான்.

பதிவும் வளர்ப்பும்

பார்த்ததை அன்றே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், எந்தச் செடி, என்ன செய்துகொண்டிருந்தது. புழு என்றால் செடியின் இலை, பூ, காய் மூன்றையும் சேர்த்துப் படமெடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். செயலி தானாகச் சொல்லும் பெயரை அப்படியே நம்பாமல் ‘பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா’ தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இனத்துக்கு இனம் புழுவின் படமும் உணவுச் செடிகளும் அதில் இருக்கின்றன.

புழுவை வீட்டில் வளர்க்க ஆசை வரும். என் கருத்து, செடியிலேயே விட்டுவிட்டுப் போய்ப் பார்த்து வருவதுதான் நல்லது. காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் இருப்பதை மட்டும், கிளையோடு தண்ணீர்ப் புட்டியில் வைத்து, வலைத்துணி மூடி, தினம் புது இலை கொடுத்து வளர்க்கலாம். புட்டி வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு உள்ளே விழுந்து மூழ்கிவிடும். கடையில் வாங்கிய கறிவேப்பிலை கூடாது, மருந்து இருந்தால் ஒரே நாளில் செத்துவிடும்.

சில சமயம் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வராது. பக்கவாட்டில் சின்ன ஓட்டை விழுந்து, அதன் வழியே குட்டிக் குளவிகள் வரும். புழுவாக இருக்கும்போதோ கூடு கட்டிய உடனேயோ குளவி உள்ளே முட்டை வைத்திருக்கும். தூக்கி எறிந்துவிட வேண்டாம். குளவியைப் படமெடுத்து, எந்தப் பட்டாம்பூச்சியின் கூடு, எந்தச் செடி, எத்தனையாவது நாளில் வந்தது என்று எழுதி அதையும் பதிவேற்றுங்கள்.